பிள்ளைகளுக்கு மரியாதையைப் பழக்குவது: பெற்றோரிடம் சில வார்த்தைகள்

(நமது அறக்கட்டளையின் தொடக்கப் பள்ளியில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

கட்டணம், வேன், புத்தகம் பற்றியெல்லாம் தலைமையாசிரியை பேசிவிட்டார். அவற்றுக்குள் நான் போகவில்லை. இந்தக் கல்வியாண்டில் அலுவலகத்துக்கு வந்த கடிதங்களில் மூன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று, சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வையுங்கள் என்கிறது. இன்னொன்று, குறிப்பிட்ட ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் என் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள் என்கிறது. மூன்றாவது, என் மகனைப் படிக்கத்தான் அனுப்பினேன், வகுப்பைக் கூட்ட அல்ல என்கிறது. எழுதியவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மனதில் வைத்துக்கொண்டு வெளியே பேசாமல் எழுத்தில் கேட்டார்கள், அதற்கு நன்றி. மூன்று பேரும் வேறு வேறு விஷயம் கேட்டிருப்பதாக நினைத்திருப்பார்கள். எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. நம் பிள்ளை, தன்னைப் போல் இல்லாத பிள்ளையோடு எப்படிப் பழக வேண்டும் என்ற கேள்விதான் அது.

சாப்பாட்டுக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மூன்றாம் வகுப்பில் இரண்டு பெண் பிள்ளைகள். எல்.கே.ஜி.யிலிருந்தே பக்கத்தில் பக்கத்தில் உட்காருபவர்கள். ஒரு நாள் ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறந்து கோழிக்குழம்புச் சோற்றைத் தோழியிடம் நீட்டியிருக்கிறாள். அவளோ, "உங்க வீட்டுக் கறி ஹராம், தொட்டாலே பாவம், எங்க நன்னி சொன்னாங்க" என்று டிபன் பாக்ஸைத் தள்ளிவிட்டாள். நீட்டிய பிள்ளை அழுதது. அதோடு முடியவில்லை. அடுத்த இரண்டு நாளும் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறது. மூன்றாம் நாள் அந்தத் தாய் பள்ளிக்கு வந்தார். சண்டை போடவில்லை. "எங்க வீட்டுச் சாப்பாட்டில் என்ன அழுக்கு இருக்கு டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். டீச்சரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நான் மதரஸாவில் ஓதியவன். ஹலால் பேணுவதில் விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல மாட்டேன். பேத்திக்கு உணவின் ஒழுங்கைச் சொல்லிக் கொடுத்த அந்த நன்னியைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் "நாங்கள் இதைச் சாப்பிடுவதில்லை" என்பது நம்மைப் பற்றிய பேச்சு. "உங்கள் சாப்பாடு பாவம்" என்பது அடுத்த வீட்டைப் பற்றிய பேச்சு. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தானாகத் தெரியாது. யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். நன்னி முதல் பாதியைச் சொன்னார். இரண்டாவது பாதியைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

ஆசிரியைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? நீதிக்கதை எதுவும் சொல்லவில்லை. ஒரு வாக்கியத்தைப் பழக்கினார்கள். "எங்க வீட்டில் இது சாப்பிட மாட்டோம், நீ சாப்பிடு." அவ்வளவுதான். எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை, ஒருவர் நீட்டுவது போலவும் மற்றவர் மறுப்பது போலவும் நடித்துக் காட்டச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. சைவம் சாப்பிடும் பிள்ளைகளும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள், முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளையும் அதைத்தான் சொல்கிறது. சாப்பிடும் முன் பிஸ்மில்லாஹ் சொல்ல நாம் எப்படிப் பழக்குகிறோம்? பொருள் புரிந்த பிறகா? முதலில் நாக்குக்குப் பழக்கம் வருகிறது, பொருள் பிறகு வருகிறது. மரியாதையும் அப்படித்தான் வரும் என்பது என் எண்ணம்.

அந்த இரண்டு பிள்ளைகளும் இப்போது மறுபடி ஒன்றாகத்தான் உட்காருகிறார்கள். ஆகவே தனித்தனியாக உட்கார வைக்கும் யோசனையைப் பள்ளி ஏற்கவில்லை. தனியாக உட்கார வைத்தால் பிரச்சினையே வராது என்று கடிதம் சொல்கிறது. உண்மைதான். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் இன்னும் வராது.

இதில் நாம் மறக்கக் கூடாத மறுபக்கம் ஒன்று உண்டு. நம் உறவினர் பிள்ளைகள் வேறு ஊர்களில், வேறு பள்ளிகளில் படிக்கிறார்கள். கறியும் முட்டையும் கொண்டுவராதே என்று சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே நம் பிள்ளை டிபன் பாக்ஸை மறைத்து மறைத்துச் சாப்பிட்டேன் என்று வந்து சொல்லும்போது நமக்கு எப்படி இருக்கிறது? அந்த வலியை அறிந்த நாம், நம் சுவருக்குள் இன்னொரு பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாமா?

ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை நான் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். நம் மாநிலத்தில் இது சின்ன விஷயமாக இருந்ததே இல்லை. காமராஜர் ஆட்சியில் 1956-ல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியபோது பசியைப் போக்குவதுதான் முதல் நோக்கம். ஆனால் எந்தத் தெருப் பிள்ளையாக இருந்தாலும் ஒரே வரிசையில் தட்டோடு உட்கார்ந்ததே, அது பசி தீர்ந்ததை விடச் சிறிய காரியமா? 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. அடுத்த ஆண்டே கரூர் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில், சமைப்பவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று செய்தி வந்தது. மாவட்ட ஆட்சியரே அந்தப் பள்ளிக்குப் போய் அந்த உணவைச் சாப்பிட்டார். அங்கே மறுத்தவர்கள் பிள்ளைகளா? இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சமைப்பவரின் சாதி எப்படித் தெரியும்?

அடுத்தது, பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள் என்ற கடிதம். இதைப் பற்றிக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளையின் தகப்பனார் பீகாரிலிருந்து வந்து கட்டட வேலை பார்க்கிறார். நம் மஸ்ஜிதில்தான் தொழுகிறார். கடிதம் எழுதியவரும் அதே மஸ்ஜிதில்தான் தொழுகிறார். ஸஃப்பில் இருவரும் தோளோடு தோள் நிற்கிறார்கள், பெஞ்சில் இருவர் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரக் கூடாதாம். பிள்ளைக்குத் தமிழ் சரியாக வரவில்லை, என் பிள்ளையின் பேச்சு கெட்டுவிடும் என்று காரணம் எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளை வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. இப்போது வாய்ப்பாட்டைத் தமிழில் சொல்கிறது. பேச்சு யாருக்கு வளர்ந்திருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பதை வகுப்பாசிரியை கவனித்தார். "வடக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்னொரு பிள்ளை "குண்டு", இன்னொருத்தி "கருப்பி", கொஞ்சம் திக்கிப் பேசும் பையனுக்கு ஒரு பெயர், அதை நான் இங்கே சொல்ல விரும்பவில்லை. அல்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்தில் ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் அல்லாஹ் தடுத்திருக்கிறான். ஜும்ஆ மேடையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடும்போதே பட்டப்பெயரில்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்கிறோம். பட்டப்பெயர் வைப்பதில் நம் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. குடும்பப் பட்டப்பெயர் சொல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகையைக் கூட இங்கே சரியான வீட்டில் சேர்க்க முடியாது. சிரிக்கிறீர்கள். சில பெயர்கள் சிரிப்புக்குரியவைதான். ஆனால் ஒரு குடும்பத்தில் பாட்டனார் முடி திருத்தும் தொழில் செய்தார் என்பதற்காக, பேரன் என்ஜினீயராகி சவூதியிலிருந்து வந்த பிறகும் அந்தத் தொழிலின் பெயரால் அவன் வீட்டைக் குறிப்பிடுகிறோமே, சம்பந்தம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோமே, அது சிரிப்புக்குரியதா? இஸ்லாத்தில் சாதி இல்லை என்று மேடையில் சொல்வது எளிது. நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் காது இருக்கிறது.

2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களில் அவர் படித்த பள்ளியின் மாணவர்களே இருந்தார்கள். அதன் பிறகு அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இருக்கக் கூடாது, மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. அது அவர்கள் சமூகத்துப் பிரச்சினை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. பதினேழு வயதில் அரிவாளைத் தூக்கியவன் ஏழு வயதில் ஏதோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அப்போது அவன் பக்கத்துப் பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிட்டான் என்பதை யாராவது கவனித்திருக்க வேண்டும்.

நம் பள்ளியிலும் இனி உட்காரும் இடம் பெயரின் முதல் எழுத்துப்படிதான், மாதம் ஒருமுறை வரிசை நகரும். கண் பார்வை, காது கேட்பது போன்ற காரணம் இருந்தால் மட்டும் மாற்றம். அந்த பீகார்ப் பிள்ளையின் பெயரை ஆசிரியைகள் முதலில் அவன் தாயிடம் கேட்டுச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். இப்போது வகுப்பும் சொல்கிறது.

மூன்றாவது கடிதத்துக்கு வருகிறேன். வகுப்பறையைக் கூட்டும் விஷயம். ஒரு வேடிக்கை பாருங்கள். இதைப் பற்றி எழுதியவர்கள், நேரில் வந்து கேட்டவர்கள், போனில் பேசியவர்கள் எல்லோருமே மகனைப் பெற்றவர்கள். மகளைப் பெற்றவர் ஒருவரும் கேட்கவில்லை.

கோபத்துக்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த செய்திகள் பத்திரிகையில் வருகின்றன. பல இடங்களில் அதற்கென்று ஏழைப் பிள்ளைகளையும் ஒரு குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளையும் பொறுக்கி எடுத்தார்கள் என்பதுதான் அதில் உள்ள அக்கிரமம். இங்கே நடப்பது அது அல்ல. கழிப்பறைக்குச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார், பிள்ளைகள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். வகுப்பறையை மட்டும், வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம், முறை வைத்து ஐந்து ஐந்து பேராக, ஆணும் பெண்ணும் சேர்ந்து கூட்டுகிறார்கள். அறங்காவலர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் இங்கே படிக்கிறார்கள். அவர்கள் பெயரும் பட்டியலில் இருக்கிறது. யாருக்கும் விலக்கு இல்லை என்பதுதான் இதன் உயிர். ஒரு பிள்ளைக்கு விலக்குக் கொடுத்தால் மற்ற நான்கு பேருக்கு அது தண்டனையாகிவிடும்.

ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையைத் தாங்களே சுத்தம் செய்வதைப் பலரும் வாட்ஸ்அப்பில் பார்த்து வியந்திருப்பீர்கள். அதை நமக்கெல்லாம் ஒத்துவராது என்று தள்ள வேண்டாம். எகிப்து நாடு ஜப்பானோடு 2016-ல் கல்வி ஒப்பந்தம் செய்துகொண்டு, 2018 முதல் எகிப்து ஜப்பான் பள்ளிகள் என்ற பெயரில் நடத்தி வருகிறது. வகுப்பறையைச் சுத்தம் செய்வது, வகுப்புக் கூட்டம் போட்டுப் பிள்ளைகளே முடிவெடுப்பது, முறை வைத்து அன்றாடப் பொறுப்பு ஏற்பது, இவையெல்லாம் அங்கே பாடத் திட்டத்தில் இருக்கின்றன. நம் ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், வீட்டு வேலையில் பங்கெடுத்தார்கள் என்பது இங்குள்ள எல்லோரும் அறிந்ததே. ஆண் பிள்ளை துடைப்பத்தைத் தொட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

முறை வைத்துப் பொறுப்பு ஏற்பது என்றேன் அல்லவா, அதைப் பற்றி இன்னொன்று. பள்ளிகளில் வகுப்புத் தலைவன் என்று ஒருவன் இருப்பான். டீச்சர் வெளியே போனால் கரும்பலகையில் பேசியவர் பெயரை எழுதுவான். நாம் எல்லோரும் அந்தப் பலகையில் இருந்தவர்கள்தான். போன ஆண்டு நான்காம் வகுப்பில் என்ன நடந்தது என்றால், பெயரை அழிப்பதற்கு விலை நிர்ணயம் ஆகிவிட்டது. ஒரு பெயருக்கு ஒரு மேங்கோ மிட்டாய். பெயருக்குப் பக்கத்தில் இரண்டு பெருக்கல் குறி இருந்தால் இரண்டு மிட்டாய். தலைவனின் நெருங்கிய நண்பர்கள் எவ்வளவு கத்தினாலும் பெயர் ஏறாது. கேட்டபோது எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அரசு என்றால் என்ன, அதிகாரம் என்றால் என்ன என்பதை ஒன்பது வயதில் இந்தப் பிள்ளைகள் முழுசாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். குடிமைப் பண்பு என்று புத்தகத்தில் எட்டுப் பக்கம் இருக்கிறது. அதை விட இந்தப் பலகை நன்றாகப் பாடம் நடத்தியிருக்கிறது.

இப்போது நிரந்தரத் தலைவன் கிடையாது. தினமும் இரண்டு பேர், பெயர் வரிசைப்படி. பேசியவர் பட்டியலும் கிடையாது. அவர்கள் வேலை, குடத்தில் தண்ணீர் இருக்கிறதா, விளக்கும் விசிறியும் அணைத்தாகிவிட்டதா, வராத பிள்ளைக்குப் பாடக் குறிப்பை யார் எடுத்துப் போவது என்று பார்ப்பது. வகுப்பில் எப்போதும் வாயைத் திறக்காத ஒரு பெண் பிள்ளை தன் முறை வந்த நாளில் முதல் தடவையாக எல்லோர் முன்னாலும் பேசியது. ஆசிரியை இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று இன்றைக்கும் சில அத்தாமார்கள் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். பிள்ளையை அடிக்கக் கூடாது, மனதளவிலும் துன்புறுத்தக் கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் எனக்கு நினைவூட்டினார். தீர்ப்பு இருக்கட்டும். மற்ற பிள்ளைகளுக்கு விழாத அடி நம் பிள்ளைகளுக்கு விழலாம் என்று நாமே வாதாடுவோமா? இந்தப் பள்ளியில் அடி கிடையாது.

அதே போல் ஆயாம்மா விஷயம். முதல் வகுப்புப் பையன் ஒருவன் அவரை "ஏய், இங்க வா" என்று கூப்பிட்டான். அவருக்கு அறுபது வயது. வீட்டில் வேலைக்கு வரும் பெண்ணை அம்மா எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படியே கூப்பிட்டிருக்கிறான், அவன் மீது தப்பில்லை. இப்போது காலை அஸெம்ப்ளியில் பிள்ளைகள் டீச்சர்களுக்குச் சொல்வது போலவே அவருக்கும், கழிப்பறை சுத்தம் செய்யும் சகோதரிக்கும், வேன் ஓட்டுநருக்கும் பெயர் சொல்லி ஸலாமோ வணக்கமோ சொல்கிறார்கள். ஆண்டு விழாவில் மூன்று பிள்ளைகளுக்குத் தொப்பி, சிலுவை, திருநீறு போட்டு மேடையில் கை கோக்க வைப்போமே, அதை இந்த ஆண்டு நிறுத்திவிட்டோம். போட்டோ நன்றாக வரும், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம். அறங்காவலர்களில் இரண்டு பேர் இதில் என்னோடு உடன்படவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாகப் பள்ளி வாசல். காலையில் எதிர் வீட்டுப் படியை மறித்து வண்டியை நிறுத்துகிறோம். அந்த வீட்டு அம்மா டயாலிசிஸுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆட்டோவில் போக வேண்டியவர். போன மாதம் ஆட்டோ உள்ளே வர முடியாமல், அவரைத் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப் போனார்கள். அவர் மகன் வந்து சத்தம் போட்டிருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்று, "பாய், செவ்வாயும் வெள்ளியும் மட்டும் கொஞ்சம் பாருங்க" என்றார். வண்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்த நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வகுப்புக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, வண்டிகளை மைதானத்துப் பக்கம் நிறுத்த வேண்டும் என்று தலைமையாசிரியைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட பிள்ளைகளின் தகப்பன்மார் சிலர் நேற்றும் அந்தப் படியை மறித்துத்தான் நிறுத்தினார்கள்.

வரும் திங்கள் முதல் மைதானத்துப் பக்கக் கதவு காலை எட்டரை மணிக்கே திறந்திருக்கும். அங்கே நிறுத்திவிட்டு ஐம்பது அடி நடந்து வர வேண்டும். வாசலில் அரை மணி நேரம் நின்று வழிகாட்டப் பெற்றோரில் தினமும் இரண்டு பேர் தேவை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளுக்கும் எதிர் வீட்டுக்கு ஆட்டோ வரும் நேரத்தை எழுதி வாங்கி வைத்திருக்கிறோம், அந்த நேரத்தில் தெருவில் ஒரு வண்டி கூட இருக்கக் கூடாது. பட்டியல் அலுவலக மேசையில் இருக்கிறது. இதுவரை ஏழு பெயர் சேர்ந்திருக்கிறது, அதில் நான்கு தாய்மார்கள். மீதி நாட்களுக்கு இப்போதே எழுதிவிட்டுப் போனால் நல்லது. கடிதம் எழுதிய மூன்று பேரும் விரும்பினால் அஸருக்குப் பிறகு என்னை அலுவலகத்தில் பார்க்கலாம், ஏழு மணி வரை இருப்பேன். வஸ்ஸலாம்.